கம்பளிக்குள் ஓர் இரவு

உக்கடத்தில் நான் வேலை பார்த்த டார்ச் கடைக்கு, உச்சி வெயிலில் ஒரு விவசாயி கம்பளியும் கையுமாக வந்தார். நரைத்த மீசை, தலையில் உருமால். டார்ச் ஒவ்வொன்றையும் கம்பளிக்குள் புகுந்து எரியவிட்டுப் பார்த்தார்.

“ஏனுங்க, வெளியவே பார்க்கலாமேங்க?” என்றேன்.

“பகல்ல எல்லா லைட்டும் ஒண்ணுதானுங்க. ராத்திரி தண்ணி கட்டறப்ப வரப்புல பாம்பு தெரியோணும்.”

பிடித்துப்போன ஒரு டார்ச்சை உருமாலில் செருகி, மண்வெட்டி பிடிப்பதுபோல் கம்பளிக்குள் குனிந்தார். “உள்ள வாங்க. வெளிச்சம் காலுக்கு வருதுங்களா?”

நானும் புகுந்தேன். வெளிச்சம் என் சட்டையில் விழுந்தது. டார்ச்சின் முனையை இரண்டு விரல் தாழ்த்தினேன். அவர் கால்விரல்கள் பளிச்சென்று தெரிந்தன.

“வந்துருச்சுங்க!” அவர் சிரித்த சிரிப்பில் கம்பளியே குலுங்கியது.

பெயர் கேட்க மறந்துவிட்டேன். எத்தனையோ பேருக்கு டார்ச் விற்றிருக்கிறேன். ஆனால் கடைக்கு இருட்டைக் கையோடு கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான்.