என் லைனில் குறையே இல்லை

கார் பாகங்கள் செய்யும் கம்பெனிகள் நிறைந்த ஒரகடம் சிக்னல். முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் ஷிப்ட் பஸ், நடுவில் பதினாறு வருடப் பழைய என் கார். டெம்பரேச்சர் முள் சிவப்பில்.

இன்ஜின் சூட்டை வெளியே இழுக்க, மத்தியான வெயிலில் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு உள்ளே வெந்துகொண்டிருந்தேன். அதற்கும் முள் இறங்கவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தேன். பஸ்ஸிலிருந்து மூன்று பேர் இறங்கி வந்தார்கள்.

"ரேடியேட்டர் நல்லாத்தான் கீது சார். நான் அந்த லைன்தான். ஃபேனப் பாருங்க" என்றார் முதலாமவர்.

இரண்டாமவர் ஃபேன் மோட்டார் கம்பெனி. "ஃபேன் இன்னும் சுத்திகினுதான கீது. பம்ப்பா இருக்கும்."

மூன்றாமவர் பம்ப் கம்பெனி. குனிந்து பார்த்தார். "பம்ப்ல ஒண்ணும் இல்ல. ஹோஸ் வெடிச்சி சொட்டுது. எவன் இத பாஸ் பண்ணானோ."

பிறகு என்னிடம், "நீங்க எங்க சார் வேலை?"

ஹோஸ் கம்பெனி ஐடி கார்டைச் சட்டைக்குள் தள்ளினேன். அங்கே இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் போடுவதே நான்தான்.

"ஸ்கூல் வாத்தியார்" என்றேன்.

டிராஃபிக் இன்னும் நகரவில்லை. அவர்களும் நகரவில்லை. மூவர் வீட்டிலும் எல்.கே.ஜி. வயதில் பிள்ளை இருக்கிறது; எந்த ஸ்கூல், சீட் கிடைக்குமா என்று கேட்டு நிற்கிறார்கள்.

இந்தப் பக்கம் சீட் இருக்கும் பள்ளி எது? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.