யாரும் தொடாத பதிவு

ரத்த வங்கியில் கொடையாளர் பட்டியலைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்பவர் அவர். எல்லோருக்கும் 'பட்டியலக்கா'. அந்த வாரம் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கொடையாளரின் புதிய போன் நம்பரைத் தட்டிச் சேமித்தால், "இந்தப் பதிவை வேறொருவர் மாற்றிவிட்டார்" என்று கணினி மறுத்தது. பழைய நம்பரே அப்படியே நின்றது.

பட்டியலைத் திருத்த உரிமையுள்ளவர்கள் இரண்டே பேர். இன்னொருவர், எதிர் மேசையில் ரத்தம் பரிசோதிப்பவர்.

"தம்பி, நீ என் பட்டியல்ல கை வைக்கிறியா?"

"நான் எதுக்குக்கா வைக்கிறேன்? எனக்கே தலைக்கு மேல வேலை கெடக்கு."

"அப்போ பேயா வந்து மாத்துது?"

பரிசோதகர் தன் கணினியை அணைத்துவிட்டு வெளியே போனார். அக்கா மறுபடி சேமித்தார். அதே செய்தி. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பிரசவ வார்டிலிருந்து ஒரு தாய்க்கு அரிய வகை ரத்தம் கேட்டார்கள். அந்த வகை ரத்தம் அதே கொடையாளருக்குத்தான்; பரிசோதகர் பட்டியலில் இருந்த அவருடைய நம்பரை அழைத்தார். அது உபயோகத்தில் இல்லை. அக்கா மேசையைக் கிளறி, துண்டுச்சீட்டில் குறித்துவைத்திருந்த புது நம்பரை நீட்டினார். பேருந்து ஓட்டுநரான அந்தக் கொடையாளர் பாதி வேலையில் ஓடிவந்து ரத்தம் கொடுத்தார். அந்தத் தாய் பிழைத்துக்கொண்டாள்.

அக்கா அந்தச் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்தார். சீட்டு குப்பைக்குப் போயிருந்தால்? சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் பதிவுகளை ஒவ்வொன்றாகச் சேமித்துப் பார்த்தார். இந்த வாரம் சேர்ந்தவர்களின் பதிவுகள் எல்லாம் ஏறின. பழையவர்களுடையது ஒன்றுகூட ஏறவில்லை. போன வாரம்தான், பட்டியல் இருக்கும் சர்வரைக் கவனிப்பவர் 'அவசரத்துக்கு வருவாரா?' என்று ஆம், இல்லை கட்டம் ஒன்றைச் சேர்த்திருந்தார். புதியவர்களுக்கு அதைச் சேரும்போதே நிரப்பியாகிவிட்டது. அக்கா சர்வர்காரரை அழைத்தார்.

"பழைய ஆளுங்களுக்கு அந்தக் கட்டத்துல என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலையே, காலியா..." அவர் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "அய்யோ, தப்பு என்மேலதாங்க்கா."

சர்வரில் அந்த இடம் காலி. அக்காவின் மேசையிலிருந்த செயலிக்கு 'காலி' என்பது தெரியாது. அதை 'இல்லை' என்றே படித்தது. சேமிக்கும்போது இரண்டும் ஒத்துப்போகாததால், யாரோ மாற்றிவிட்டதாக முடிவுகட்டியது. சர்வர்காரர் காலியிடங்களில் எல்லாம் 'இல்லை' என்று நிரப்பினார். அடுத்த தட்டலில் ஓட்டுநரின் நம்பர் ஏறியது.

அக்கா எதிர் மேசைக்குப் போனார். "உன்மேல பழி போட்டுட்டேன். மனசுல வச்சுக்காதப்பா."

"வச்சுக்கிட்டுதான் இருக்கேன். ரெண்டு நாள் போகட்டும்க்கா," என்றார் அவர், சிரிக்காமல்.

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். இப்போது பழையவர்கள் எல்லாருக்கும் 'இல்லை' என்றே இருந்தது. உண்மையிலேயே யார் அவசரத்துக்கு வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாக வேண்டும். போனை எடுத்து, முதல் பெயரிலிருந்து தொடங்கினார்.