நான்கு கதவுகளிலும் சந்தனம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: காரின் பூட்டுக்குச் சந்தனம் வைத்த முட்டாள் நான்தான். ஆயுத பூசையன்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சைக்கிளுக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்தார்கள். நெற்றி மாதிரி இருந்த இடமாகப் பார்த்து வைத்தார்கள். நான் ஓட்டை தெரிந்த இடத்திலெல்லாம் அப்பினேன். வெளிக் கைப்பிடி, உள் கைப்பிடி, சாவித் துவாரம், பூட்டின் நாக்கு நுழையும் இடுக்கு, எதையும் விடவில்லை. "பொட்டு வெக்கிறியா, பொந்து அடைக்கிறியா மாப்ளே?" என்று மச்சான் கேட்டார். பக்தி முற்றியிருந்ததால் எனக்குக் காது கேட்கவில்லை.

மச்சான் என் அக்காளின் கணவர். மூன்று கை மாறி வந்த ஒரு பழைய மூடு காரை வைத்துக்கொண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே வாடகைக்கு ஓட்டினார். அந்தக் காரும் அவருடைய இரண்டு கைகளும் இருந்ததால்தான் அக்காள் வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் ஒரு பட்டறையில் ஃபிட்டர். இரும்பைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று தெருவே நம்பியது. நான் தெருவைவிடக் கொஞ்சம் அதிகமாக நம்பினேன். சந்தனம் காய்ந்து கைப்பிடிகள் இறுகியதும் வைத்தியத்தையும் நானே பார்த்தேன். பூசை விளக்கில் மிச்சமிருந்த நல்லெண்ணெயை எல்லாப் பூட்டிலும் ஊற்றினேன். இரண்டு நாள் வெண்ணெயாக வழுக்கியது. பிறகு செம்மண் தூசி படிந்து, சந்தனத்தோடு குழைந்து, அரக்காக உறைந்தது. உள்ளிருந்து பூட்டினால் திறக்க இரண்டு கையும் ஒரு காலும் வேண்டியிருந்தது.

"உள் பலகையக் கழட்டி, பூட்ட வெளிய எடுத்து, மண்ணெண்ணெயில கழுவு லா. பாதி நாள் வேல," என்றார் மச்சான். அந்தப் பாதி நாளை நான் உறங்கிக் கழித்தேன். எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "நாலும் சரி பண்ணிட்டேன் மச்சான்" என்றேன். அவர் நம்பினார். மனிதருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் அது.

அடுத்த சனிக்கிழமை அவரோடு கிள்ளானுக்குப் போனேன். ரயில் நிலையத்துக்கு வெளியே வாடகைக் கார்கள் முறைப்படிதான் ஆள் ஏற்ற வேண்டும். முறையை மீறினால் அந்த இடத்தை ஆட்டிவைத்த ஒரு தடியன் பல்லை உடைப்பான். முந்தின வாரம், வலி எடுத்துத் துடித்த ஒரு கர்ப்பிணியை மச்சான் முறை பார்க்காமல் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்திருந்தார்.

நல்ல மழை. மச்சான் எதிர்க்கடைக்குத் தேநீர் வாங்கப் போனார். நான் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் சாய்ந்திருந்தேன். தடியன் இரண்டு பேரோடு வந்து காரின் முன்னால் நின்றான். கையில், என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டல். "எங்கடா ஒன் மச்சான்? மொற தெரியாத கைய ஒடைக்கணும்."

என் வீரம் உடனே விழித்துக்கொண்டது. பாய்ந்து பாய்ந்து நான்கு கதவுகளையும் உள்ளிருந்து பூட்டினேன். உடம்பின் எடை முழுவதையும் போட்டு ஒவ்வொரு கைப்பிடியையும் அழுத்தினேன்.

கடை வாசலிலிருந்தே மச்சான் அந்த மூவரையும் பார்த்துவிட்டார். கடைப் பக்கம் ஓடியிருக்கலாம். நான் உள்ளே இருந்ததால் காரை நோக்கி ஓடி வந்தார். "தொற! மாப்ளே, தொறடா!" கைப்பிடியை இழுத்தேன். அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், அவர் முகம் இருந்தது. முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது அடியில் அவர் நெற்றி கண்ணாடியில் மோதி, ரத்தம் மழைத் தண்ணீரோடு வழிந்தது. நான் மறு கதவுக்குத் தாவினேன், பின் கதவுகளுக்குத் தாவினேன், கண்ணாடியை இறக்கலாம் என்றுகூடத் தோன்றாமல் கூண்டுக் குரங்காகத் திரும்பி வந்தேன். ஒருவன் அவருடைய வலது கையைப் பிடித்துக் கதவின் மேல் நீட்டி வைத்தான். தடியன் நிதானமாக ஓங்கினான். எலும்பு உடைந்த ஓசை தகரத்தின் வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கைப்பிடி பிடுங்கிக்கொண்டு என் கையோடு வந்தது. அதைக் கொண்டே கண்ணாடியை உடைத்து, அலறிக்கொண்டு தலைகீழாக வெளியே விழுந்தேன். வயிற்றில் கண்ணாடி கிழித்த கோடு இன்றும் இருக்கிறது. சண்டையில் பட்டது என்று பேரப்பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்கிறேன். என் அலறலுக்கு ரிக்‌ஷாக்காரர்கள் ஓடி வந்த பிறகுதான் அந்த மூவரும் போனார்கள்.

மச்சான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்கு பூட்டுகளையும் கழற்றினேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஸ்பிரிங்குகளைத் துலக்கி, தையல் மெஷின் எண்ணெய் சொட்டுவிட்டுத் திரும்ப மாட்டினேன். சரியாகப் பாதி நாள் ஆனது. இன்று பேரன் காரில் ஏறினாலும் கதவை இரண்டு முறை திறந்து மூடிவிட்டுத்தான் உட்காருகிறேன். தாத்தாவுக்குக் கிறுக்கு என்கிறான்.

வீடு திரும்பியபோது மச்சானின் வலது முழங்கை மடங்கவில்லை. இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நேராகக் காரிடம் வந்தார். இடது கையால் நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். சுண்டு விரலுக்குத் திறந்தன. கடைசிக் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதைத் தாங்க முடியாமல் நானே வாயைத் திறந்தேன்.

"அக்கா மேல சத்தியம் மச்சான். இனிமே இந்த வண்டியத் தொடவே மாட்டேன்."

சாவியை என் பக்கம் எறிந்தார்.

"ஓட்டப்போறதே நீதான்."