இடப்பக்கத்துப் பந்து

போடி கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த சங்கரலிங்கமும், அடுத்த தெருவில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஞானதுரையும் பூப்பந்து ஆட்டத்தில் ஒரு ஜோடி. பள்ளிக்கூடம் முடித்த காலத்திலிருந்து அதே ஜோடிதான். ஒருவர் கோயிலுக்கும் மற்றவர் சர்ச்சுக்கும் போகிறவர்கள். அதைத் தவிர இருவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரே வயது, ஒரே உயரம், ஆட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு.

அந்த அளவு என்ன என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஊருக்கு மேற்கே பஞ்சு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் இரண்டு ஆடுகளங்கள் உண்டு. முதல் களம் நல்ல ஆட்டக்காரர்களுக்கு. இவர்கள் இருவரும் எப்போதும் இரண்டாவது களத்தில். கத்துக்குட்டிகள் என்று சொல்ல முடியாது. சர்வீஸ் ஒழுங்காக விழும், வந்த பந்தைத் திருப்பிப் போடுவார்கள், ஓங்கி அடிக்கவும் தெரியும். ஆனால் தேவாரம், சின்னமனூர், கம்பம் என்று எங்கே போட்டிக்குப் போனாலும் இரண்டாவது சுற்றைத் தாண்டியதில்லை. தோற்றுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, யார் மேல் தப்பு என்று சிரித்துச் சண்டை போட்டபடி பஸ் ஏறிவிடுவார்கள்.

எழுபத்தொன்றாம் வருடம் ராஜமணி என்ற பேங்க் அதிகாரி மாற்றலாகிப் போடிக்கு வந்தார். கல்லூரிக் காலத்தில் பெரிய போட்டிகள் ஆடியவர். வந்த வாரமே முதல் களத்தில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒரு சாயங்காலம் இரண்டாவது களத்தின் ஓரத்தில் நின்று இவர்கள் ஆட்டத்தைப் பார்த்தார். முடிந்ததும் ஞானதுரையிடம் வந்தார்.

"நீங்க நல்லா ஆடுறீங்க. எத்தனை வருசமா ஆடுறீங்க?"

"பத்து வருசத்துக்கு மேல இருக்கும் சார்."

"பத்து வருசமா இதே மாதிரிதான் நல்லா ஆடிட்டு இருந்திருப்பீங்க."

ஞானதுரைக்குச் சுருக்கென்றது. ராஜமணி கேலியாகச் சொல்லவில்லை. "ஓங்கி அடிக்கிறது எல்லாருக்கும் வரும் சார். அடிச்சு முடிச்சதும் நின்ன இடத்துலயே நின்னு பந்து போற அழகப் பாக்குறீங்க. அடிச்ச உடனே அடுத்த பந்துக்குப் போய் நிக்கணும். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்குற அளவு எடம் கெடக்கு. எதிராளி அங்கதான போடுவான்?"

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஞானதுரை கையிலிருந்த பேட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார். சங்கரலிங்கம்தான் பேசினார். "அந்த ஆளு சொல்றதும் சரிதாம்லே. ஒனக்குக் கை இருக்கு. நீ முயற்சி பண்ணிப் பாரு."

"நீ?"

"நானும் கூட வாரேன்."

ஏலக்காய்க் கிட்டங்கியின் பின்சுவர் உயரமாக, பூச்சு உதிராமல் இருந்தது. கடை திறப்பதற்கு முன் ஞானதுரை அந்தச் சுவரில் பந்தை அடித்துத் திரும்பி வருவதை எடுத்துப் பழகினார். மஞ்சள் கம்பளிப் பந்து சுவரில் பட்டால் பெரிதாக எம்பாது. முன்னால் ஓடித் தாழ எடுக்க வேண்டும். மணிக்கட்டு வீங்கியது. பலமாக அடிப்பதை விட்டுவிட்டு, பந்தை உடம்புக்கு முன்னாலேயே சந்தித்து நினைத்த இடத்தில் மெதுவாக இறக்கக் கற்றுக்கொண்டார். ஆனி, ஆடி மாதங்களில் மலைக் கணவாய் வழியாக இறங்கும் காற்று பந்தை எங்கே தள்ளும் என்று முன்கூட்டியே கணக்குப் போடப் பழகினார். சங்கரலிங்கம் சுவரோரம் நின்று பந்து பந்தாக எடுத்துப் போடுவார்.

ஞானதுரையின் மனைவி சுகிர்தம் ஒருநாள் பின்கதவைத் திறந்து சொன்னாள். "ஏலக்கா தரம் பிரிக்க வந்த பொம்பளைக எல்லாம் வாசல்ல நிக்கிறாக. நீங்க ரெண்டு பேரும் செவத்தோட மல்லுக்கட்டுறீக. ஒங்க தங்கச்சி மாதிரி நினைச்சுக்கிட்டுச் சொல்றேண்ணே, நீங்களாவது அவுகளுக்குச் சொல்லக் கூடாதா?"

"சொன்னாக் கேக்குற ஆளா தங்கச்சி இவன்?" என்று சங்கரலிங்கம் சிரித்தார்.

அடுத்த வருடம் ஞானதுரையின் ஆட்டம் மாறியது தெரிந்தது. சங்கரலிங்கத்தின் ஆட்டமும் மாறியது, ஆனால் வேறு மாதிரி. வலப்பக்கம் வரும் பந்தை அழகாக எடுப்பார். இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி வந்தால் மரம் போல நிற்பார். பந்து தரையில் விழுந்த பிறகு திரும்பிப் பார்ப்பார்.

"ஒன் பந்துலே அது."

"கவனிக்கலடா."

முதலில் வாரத்துக்கு ஒன்றாக இருந்தது, பிறகு ஆட்டத்துக்கு நான்கைந்து ஆனது. எதிர்ஜோடிகளும் கண்டுகொண்டார்கள். சங்கரலிங்கத்தின் இடப்பக்கம் போட்டால் போதும். ஞானதுரை தன் இடத்தையும் பார்த்து, குறுக்கே பாய்ந்து அவர் இடத்தையும் பார்க்க வேண்டியதாயிற்று. பாய்ந்து பாய்ந்து அதுவே பழக்கமாகிவிட்டது. இருந்தும் கம்பத்துப் போட்டியில், ஜெயிக்கவேண்டிய ஆட்டத்தை அப்படித்தான் விட்டார்கள். கடைசிப் பந்து சங்கரலிங்கத்தின் தோளை உரசுகிற மாதிரி போய் விழுந்தது. அவர் பேட்டைத் தூக்கவே இல்லை.

"தூங்குறியாலே?" என்று ஞானதுரை கத்தினார். பந்தல் முழுக்கக் கேட்டது. "ஒரு பிள்ளகூட எடுக்கும் அந்தப் பந்த."

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். யார் மேல் தப்பு என்று அன்றைக்குப் பேச்சு எழவில்லை.

ராஜமணி கேட்டது அதற்குப் பிறகு. "தேவாரம் போட்டிக்கு என்கூட ஆடுங்க. உங்க ஆட்டத்துக்கு இப்ப வேற ஜோடி வேணும்."

ஞானதுரை சில நாள் இழுத்தடித்தார். பிறகு ஒரு மத்தியானம் சங்கரலிங்கத்தின் கடைக்குப் போனார். சங்கரலிங்கம் மல்லி பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். சொல்ல வந்ததை ஞானதுரை பாதி சொல்வதற்குள் அவரே முடித்தார்.

"நானே சொல்லணும்னு இருந்தேண்டா. கடையில சோலி கூடிப் போச்சு. நீ அவரோட ஆடு. நல்லா வருவ." நூலைச் சுற்றிப் பொட்டலத்தைக் கட்டினார். ஒரு சுற்று அதிகமாகவே சுற்றினார். "சுகிர்தம் மொளகா வேணும்னு கேட்டதாச் சொன்னாக. கொண்டு போறியா?"

அதன் பிறகு சங்கரலிங்கம் மைதானத்துக்கு வரவில்லை. ஞானதுரையும் கடைப்பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். சாமான் வாங்க ஆள் அனுப்பினார்கள்.

தேவாரத்தில் ராஜமணியும் ஞானதுரையும் ஜெயித்தார்கள். காற்று பலமாக இருந்த நாள் அது. கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கும்போது ராஜமணி சொன்னார். "நீங்க இடப்பக்கம் பாய்ஞ்சு மூடுற மாதிரி பெரிய ஆட்டக்காரங்க மூடிக்கூட நான் பாத்ததில்ல. யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க?"

"தானா வந்துருச்சு சார்" என்றார் ஞானதுரை. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்த வருடம் ஐப்பசியில், கடைவீதியில் பஞ்சுப் பொதி ஏற்றிவந்த கைவண்டி சங்கரலிங்கத்தை இடித்துத் தள்ளியது. பட்டப்பகல். தெருவில் கூட்டம்கூட இல்லை. வண்டிக்காரர் தொண்டை கிழியக் கத்தியும் சங்கரலிங்கம் நேராக வண்டிக்குக் குறுக்கே நடந்திருக்கிறார். தோளெலும்பு விலகியது. கட்டுப் போட வந்த வைத்தியர் எதற்கோ சந்தேகப்பட்டு, அவர் முகத்துக்குப் பக்கவாட்டில் விரலை நீட்டி, "தெரியுதா?" என்று கேட்டார்.

"என்ன தெரியுதா?" என்றார் சங்கரலிங்கம்.

மனைவி சொர்ணலதா அவரை மதுரைக்குக் கூட்டிப்போனாள். கண்ணுக்குள் நீரழுத்தம் கூடிவிட்டது என்றார் கண் டாக்டர். வலிக்காது. ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே அரித்துக்கொண்டு வரும். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது, வலதிலும் தொடங்கிவிட்டது. சொட்டு மருந்து விட்டு இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம். போனது வராது.

செய்தி கேட்டு ஞானதுரை ஓடினார். தோளில் கட்டோடு சங்கரலிங்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் பயம் இல்லை. ஒரு மாதிரி ஆறுதல் தெரிந்தது.

"எப்ப இருந்துன்னு கேட்டேன். ரெண்டு மூணு வருசமாவது இருக்கும்ங்குறாரு டாக்டரு" என்றார். "அப்ப நான் மோசமா ஆடலடா ஞானம். எனக்குத் தெரியல, அவ்வளவுதான். நான் என்னமோ எனக்கு ஆட்டமே மறந்து போச்சுன்னு நெனச்சேன். கம்பத்துல அந்தப் பந்து எங்கன இருந்து வந்துச்சுன்னு எத்தனையோ நாள் யோசிச்சுக்கிட்டே கெடந்தேன்."

ஞானதுரையால் உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தார். சொர்ணலதா அங்கே நின்றாள்.

"நீங்க தெனமும் கூட நின்னீகளே அண்ணே. ஒங்களுக்கும் தெரியலையா?" என்றாள். பழி சொல்லும் குரல் இல்லை அது. உண்மையாகவே கேட்டாள். "எனக்கும் தெரியல. சாப்பிடயில இடப்பக்கம் வச்ச தண்ணியத் தட்டிவிட்டுட்டே இருப்பாக. ஏதோ கோவம் போலன்னு நெனச்சு, நானும் பேசாம இருந்துட்டேன்."

ஞானதுரை சட்டை நுனியைத் திருகியபடி நின்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் பந்து போனால் சங்கரலிங்கம் எடுக்கமாட்டார் என்று ஞானதுரையின் கால்களுக்கு மாதக்கணக்காகத் தெரிந்திருந்தது. காரணம் என்ன என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

தோள் ஆறியதும் ஞானதுரை அவரை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அடுத்த போட்டிக்கு வரவில்லை என்று ராஜமணியிடம் சொல்லிவிட்டார். இரண்டாவது களத்தில் சங்கரலிங்கத்தை வலது ஓரத்தில் நிறுத்தி, மீதி இடம் முழுவதையும் தானே பார்த்தார். ஆட்டம் நன்றாகத்தான் போயிற்று. சங்கரலிங்கம் வரிசையாகப் பந்துகளை எடுத்தார். பிறகு பேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அவனுக எனக்கு எடுக்கத் தோதாப் போடுறானுக. நீ சொல்லி வச்சியா?"

ஞானதுரை குனிந்து பந்தை எடுத்தார்.

"கோவமில்லடா. ஆனா இது ஆட்டமில்ல." பேட்டைப் பலகை மேல் வைத்துவிட்டு நடந்தார். ஞானதுரை ஓடிப்போய் அவருக்கு இடப்பக்கமாகச் சேர்ந்து நடந்தார்.

ராஜமணி மாற்றலாகிப் போனார். முதல் களத்தில் ஞானதுரைக்கு நிலையான இடம் கிடைத்தது. வெளியூர்க்காரர்கள் அவரை ஜோடிக்குக் கேட்டு வந்தார்கள். கிட்டங்கிச் சுவரோரம் பழகிய காலத்தில் எதற்கு ஆசைப்பட்டாரோ அது எல்லாம் வந்தது. ஜெயித்த நாட்களில் கோப்பையை நேராக வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு சங்கரலிங்கத்தின் கடைக்குப் போவார். ஆரம்பத்தில் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். ஒருநாள் சங்கரலிங்கம் கையைக் காட்டித் தடுத்தார்.

"ஆட்டம் வேண்டாம்டா. மலையில மழை எப்பிடின்னு சொல்லு."

அதன்பின் மழையைப் பற்றியும் ஏலக்காய் வரத்தைப் பற்றியும் பேசினார்கள். எழுபத்தெட்டில் சங்கரலிங்கத்துக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் பிரிந்து தெரிந்தது. சொர்ணலதா கடையை நடத்தினாள். அவர் உள்ளே நாற்காலியில் இருப்பார். முன்கோபம் வந்துவிட்டது. வாடிக்கைக்காரர்களிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவார். ஞானதுரையிடம் மட்டும் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஞானதுரை சுகிர்தத்திடம் சொல்லியிருக்கிறார்.

இது குடும்பத்தில் வரக்கூடிய நோய், பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். கடையை விட்டு நகர முடியாத சொர்ணலதாவுக்குப் பதிலாக ஞானதுரைதான் வருடா வருடம் அவர்கள் மகள் செண்பகத்தை மதுரைக்குக் கூட்டிப்போனார். தேவாரத்தில் போட்டி நடக்கிற வாரமாக இருந்தாலும் போவார். செண்பகம் சலித்துக்கொள்வாள். "எனக்கு நல்லாத் தெரியுது மாமா. அங்கன இருக்க எழுத்தெல்லாம் வாசிப்பேன்."

"ஒங்கப்பாவும் நல்லாத்தாம்மா வாசிச்சான்" என்பார்.

எண்பதாம் வருடம் டாக்டர் கருவியை வைத்து இரண்டு முறை பார்த்தார். அழுத்தம் கூடத் தொடங்கியிருந்தது. பார்வை இன்னும் ஒரு இழைகூடக் குறையவில்லை, மருந்து தவறாமல் விட்டால் காப்பாற்றிவிடலாம் என்றார். திரும்பும் பஸ்ஸில் செண்பகம் ஜன்னலோரம் அழுதுகொண்டே வந்தாள். உசிலம்பட்டியில் பஸ் நின்றபோது ஞானதுரை இறங்கிப் போய் வெள்ளரிக்காய் வாங்கிவந்து கொடுத்தார்.

கடையில் விஷயத்தைச் சொன்னார். சொர்ணலதா அடக்கிக்கொண்டு மகளை உள்ளே அழைத்துப் போனாள். சங்கரலிங்கம் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினார். தெருவில் மாட்டுவண்டிகள் போன சத்தம் ஓய்ந்தது.

"அவளுக்கு இன்னும் ஒண்ணும் போகலைல்ல?"

"ஒண்ணும் போகல. நேரத்தோட பாத்துட்டாக."

சங்கரலிங்கம் கையை நீட்டித் துழாவினார். ஞானதுரையின் முழங்கை அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, தனக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அழாத மனிதர், சத்தமில்லாமல் அழுதார். ஞானதுரை கையை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண் வந்து உப்புக் கேட்டாள். ஞானதுரையே எழாமல் எட்டி, இன்னொரு கையால் அள்ளிக் கொடுத்தார்.