ஊசி போட வந்தவள் பேன் பார்த்த கதை

பள்ளிக்கூட நர்ஸ் வேலை என்றால் வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப், மரியாதை என்று நினைத்துத்தான் மாடம்பாக்கத்தில் வந்து சேர்ந்தேன். கையில் கொடுத்தது பேன் சீப்பு. பிள்ளை பெற்றவர்களே, டீச்சர்களே, இதைப் படிக்கும்போதே உங்களுக்கும் தலை அரிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏசி வீடு

இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தலையில் பேன். அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. "சான்ஸே இல்ல சிஸ்டர், எங்க வீட்ல எல்லா ரூமும் ஏசி" என்றார். பேனுக்கு ஏசி ஒத்துக்கொள்ளும் என்று பக்குவமாகச் சொன்னேன்.

சாயங்காலம் நேரிலேயே வந்துவிட்டார். மகள் தலையிலிருந்து ஒன்றைச் சீவி வெள்ளைத்தாளில் விட்டேன். அது ஊர்ந்து நடந்தது. மனிதர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பாவம், மனசு உடைந்துவிட்டார் என்று நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தபோது கேட்டார்: "இது யார் தலையில இருந்து வந்துச்சுன்னு டிராக் பண்ண முடியுமா?"

பிரேயரில் என் பேச்சு

ஹெச்.எம். என்னைப் பேசச் சொன்னார். பேன் பறக்காது, குதிக்காது, தலையோடு தலை ஒட்டினால் ஏறும். சீப்பை மாற்றிக்கொள்ளாதீர்கள், முடியைப் பின்னிக்கொள்ளுங்கள், பேன் இருக்கிறவர்களைக் கேலி செய்யாதீர்கள் என்று முழங்கினேன். என் பேச்சு எனக்கே பிடித்துப்போனது. சந்தேகம் உண்டா என்றேன். முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். "மிஸ், நீங்க ஏன் சொறிஞ்சுக்கிட்டே பேசுறீங்க?"

நிலாவின் ஜடை

நான்காம் வகுப்பு நிலாவுக்கு இடுப்பு வரை முடி. ஆண்டு விழா நடனத்தில் குஞ்சலம் வைத்து ஆட வேண்டியவள். தலை நிறையப் பேன். மீன் விற்கும் அவள் அம்மா, "மருந்து போட்டும் போவல சிஸ்டர், பேஜாராப் பூட்ச்சு. ஞாயித்துக்கெழம மொட்ட அடிச்சுடறேன்" என்றார். நிலா சிக் ரூம் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு அழுதாள்; வெளியே வரவே இல்லை.

அந்த அழுகையைக் கேட்டு வீராவேசமாக, "மொட்டை வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். விசாரித்ததில், ஈரிலிருந்து பொரித்து வரும் குஞ்சுகளுக்காக ஒரு வாரம் கழித்து மறுபடி போட வேண்டிய மருந்தைப் போடாமல் விட்டிருந்தார்கள். அதைப் போடச் சொன்னேன். மதியங்களில் ஈர முடியில் கண்டிஷனர் தடவி நானே வாரினேன். முதல் நாளே சீப்பின் பல் உடைந்தது. என் ஐடி கார்டு கயிறு அவள் முடியில் சிக்கிக்கொண்டது. ஆயா செல்வி அக்கா வந்துதான் எங்கள் இருவரையும் பிரித்தார்.

விழாவன்று குஞ்சலம் சுழல நிலா ஆடியதைப் பார்த்துக் கண் கலங்கி நின்றேன். அவள் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நன்றி சொல்வார் என்று புன்னகையைத் தயாராக வைத்திருந்தேன். "சிஸ்டர், இவ அக்காவையும் நாளைக்கு அனுப்பட்டா? அவளுக்கு இன்னும் நீட்டு முடி."

சொந்தத் தலை

சில நாளில் எனக்கும் அரிப்பு. எல்லாம் பிரமை என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிப் பார்த்தேன். தாங்காமல் கதவைச் சாத்திவிட்டு செல்வி அக்கா முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் வகிடு எடுத்தார், சீப்பை இழுத்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "இன்னா சிஸ்டர், ஒரு குடும்பமே குடி வந்து கீது!"

நர்ஸிங்கில் முதல் வகுப்பில் தேறியவள் நான். இப்போது தாம்பரம் மார்க்கெட்டில் என்னைப் பார்க்கிற பெற்றோர் எல்லோரும் இரண்டடி தள்ளி நின்றுதான் வணக்கம் சொல்கிறார்கள்.