அப்பாவின் முறுமுறுப்பு

நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்குப் பெயின்ட் அடிக்கப் போன அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்து, எலும்பு பொருந்தும்வரை காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி எங்கள் ஊரான தன்னாமுனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

முன்னறை ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம். படுத்தபடியே வாவியைப் பார்க்கலாம். அப்பா பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. காலுக்குத் தலையணை வைக்கச் சொல்வார். வைத்ததும் எடுக்கச் சொல்வார். மின்விசிறியைக் கூட்டச் சொல்வார். உடனே குறைக்கச் சொல்வார். வீட்டில் ஒருவராலும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அம்மா குசினி அடுப்புக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். நான் படிக்கிற கொப்பியைத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை மாறினேன். எங்கே போனாலும் கட்டில் கிறீச்சிடுவது கேட்கும்.

விழுவதற்கு முன்பு மாலைச் செபத்தை நடத்துகிறவர் அப்பாதான். ரோட்டில் போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்பது போல உரத்துச் சொல்வார். இப்போது அம்மா நடத்தினார். அப்பா படுத்தபடி பதில் சொன்னார். செபமாலை முடிந்ததும் ஆளுக்கொரு மன்றாட்டு. எனக்குப் பரீட்சை, அம்மாவுக்கு அப்பாவின் சுகம். அப்பா முதல் சில கிழமைகள் நன்றி சொன்னார். உயிரோடு விட்டதற்கு நன்றி, பார்க்க வந்தவர்களுக்காக நன்றி. பிறகு ஒருநாள் நன்றி தீர்ந்துபோனது.

“ஆண்டவரே, இண்டைக்கும் நொந்தது. நேத்தையவிடக் கூட. நீர் பாத்துக்கொண்டுதான் இருந்தீர். ஆமென்.”

அம்மா செபமாலையைக் கீழே வைத்தார்.

“பிள்ளைக்கு முன்னால இப்பிடியா செபிக்கிற?”

“பொய் சொல்லியா செபிக்கிற? எனக்கு நோகிறது அவருக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சவரிட்ட என்னத்துக்குச் சொல்றீங்க?”

“வேற ஆரிட்டச் சொல்ற?”

அந்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ரீச்சர், பாலைவனத்தில் கடவுளுக்கு எதிராக முறுமுறுத்த சனங்களைக் கொள்ளிவாய்ப் பாம்புகள் கடித்த கதையைப் படிப்பித்தார். அதற்குப் பிறகு தினமும் செபம் முடிந்ததும் நான் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்க்கத் தொடங்கினேன். எங்களுடையது வாவிக்கரை வீடு. ஒரு பாம்பை அனுப்பக் கடவுள் பெரிதாகச் சிரமப்படத் தேவையில்லை. அப்பா ஆமென் சொன்ன கையோடு, “ஆண்டவரே, அப்பா சும்மா சொல்றார், கணக்கில எடுக்காதயும்” என்று வாய்க்குள் சொல்லிவிடுவேன்.

பிறகு ஒரு கிளினிக் நாளில், எலும்பு பொருந்தவில்லை என்று எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னார்கள். தகட்டைக் கழற்றி, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, மறுபடி தைக்க வேண்டுமாம். அன்று மாலை மன்றாட்டு அவருடைய முறைக்கு வந்தபோது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா காத்திருந்து பார்த்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டு முடித்தார்.

அடுத்தடுத்த நாட்களும் அப்படித்தான். எனக்குப் பெரிய நிம்மதி. முறுமுறுப்பு நின்றது. தலையணை கேட்பதும் நின்றது. ஆனால் அம்மாவின் நடை கூடிவிட்டது. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். செபமாலையில் எத்தனையாவது மணி என்று தடுமாறினார். “நோகுதா?” என்று வந்து வந்து கேட்பார். “இல்ல” என்பார் அப்பா. அம்மா கேட்டதற்கெல்லாம் அந்த ஒரு பதில்தான்.

“அப்பா இப்ப நல்லாச் செபிக்கிறார் என்ன, அம்மா?” என்று கேட்டேன்.

“வாய மூடிக்கொண்டு போய்ப் படி” என்றார்.

சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள் மாலை, அம்மா தன்னுடைய முறை வந்தபோது சுகம் கேட்கவில்லை.

“ஆண்டவரே, இவர் உம்மோட கதைக்கிறார் இல்ல. என்னோடயும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு.”

அதோடு நிறுத்திவிட்டார். ஆமென்கூடச் சொல்லவில்லை. வெளியே யாரோ தோணியை மணலில் இழுக்கும் சத்தம் கேட்டது. அப்பா சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

“நோகுது ஆண்டவரே. திரும்ப வெட்டப் போறாங்க. எனக்கு இனி ஏலாது. அந்த அறைக்குள்ள இவள விடமாட்டாங்க. நீராவது வாரும்.”

அம்மா கோயிலில் சொல்வதைவிடச் சத்தமாக ஆமென் சொன்னார். எழுந்து கட்டிலருகே போனார்.

“எந்தப் பக்கம் கூட நோகுது?”

“இடுப்புப் பக்கம். அந்தத் தலகாணிய வை. இல்ல, எடு.”

அம்மா வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

எலும்பு பொருந்த அதன் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. முதலில் இரண்டு ஊன்றுகோல், பிறகு ஒரு கோல், பிறகு சுவரைப் பிடித்து. இன்றைக்கும் கோயிலில் எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது அப்பா மட்டும் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். மழை வந்தால் நோகிறதாம். அதை ஒளிக்காமல் சொல்கிறார்.

ஆனால் அன்று மாலை எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் நல்லபிள்ளையாக இருந்த அப்பா மறுபடி தொடங்கிவிட்டார். போதாததற்கு அம்மாவும் அவரோடு சேர்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் விசுவாசம் மிஞ்சியிருப்பது எனக்கு மட்டும்தான் என்று முடிவுகட்டி, இருவருக்குமாகச் சேர்த்து நீளமாக மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படுத்தேன்.