மதினி பேசும் தமிழ்

எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். கம்பத்தில் எங்கள் தெரு முழுக்க அதுதான். எப்போது வந்து சேர்ந்தோம், எதற்கு வந்தோம் என்று எனக்குத் தெரியாது. மைசூர்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் ஒருதரம் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, பாதி புரிகிறது, பாதி புரியவில்லை என்றார். எங்களில் யாரும் அதை எழுதியதில்லை. எழுதுவதென்றால் தமிழ். அதையும் நான் இரண்டாம் வகுப்பு வரைதான் படித்தேன்.

தெருவைத் தாண்டினால் தமிழ். கற்றுக்கொண்ட ஞாபகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாத்தியாரிடம் தண்ணீர் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. வீட்டுச் சொல்லில் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் தமிழில் கேட்டேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியாள் எதிரில் இருக்கும்போது, அவருக்குத் தெரியக் கூடாததை வீட்டுப் பேச்சில் பேசிக்கொள்வோம். குரலைத் தாழ்த்த மாட்டோம். சந்தையில் மாட்டுக்காரன் முன்னாலேயே, இதற்குப் பின்னங்கால் சரியில்லை என்று அப்பா சத்தமாகச் சொல்வார். மாட்டுக்காரன் சிரித்துக்கொண்டு நிற்பான். வீட்டுக்குள் இருந்து பேசுகிற தைரியம் எங்களுக்கு நடுச்சந்தையிலும் உண்டு. அந்தப் பேச்சை வெளியாளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கூடாது என்று கட்டுப்பாடு ஒன்றும் கிடையாது. கேட்ட ஆள் இல்லை.

என்னிடம் ஒருவன் கேட்டான்.

யுத்தம் நடந்த காலம். இரண்டு வருஷம் மழை தப்பியது. புஞ்சையில் வேலை இல்லை. எங்கள் தெருவிலிருந்து பன்னிரண்டு பேர் கம்பமெட்டுப் பாதையில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போனோம். என் அண்ணன், மதினி, நான். மற்றவர்கள் பங்காளிகளும் அவர்கள் பெண்டாட்டிகளும். அண்ணன் மகளுக்கு மூன்று வயது. கீழே அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தோம்.

எனக்கு ஸ்டோரில் வேலை. பறித்த ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பேர். வெளியே அடுப்பு எரியும். உள்ளே சூடு வரும். காயைப் பரப்பிவிட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அசந்தால் பச்சை போய்விடும்.

அங்கே என்னோடு ஒரு மலையாளத்துக்காரன் இருந்தான். என் வயசுதான். அவனுக்குத் தமிழ் அரைகுறை. எனக்கு மலையாளம் தெரியாது. விறகு வேண்டும், தீயைக் குறை என்று சொல்லக்கூட முதலில் கையைத்தான் ஆட்டினோம். பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு தடவை கிளறி முடித்தால் அவன் ஒரு சொல் சொல்வான், நான் ஒரு சொல் சொல்வேன். அடுத்த கிளறலுக்குள் அது மனதில் நிற்க வேண்டும். மறந்தவன் போய் விறகு சுமந்து வர வேண்டும்.

நான் தமிழ்ச் சொல்லாகச் சொல்லிவந்தேன். பத்து நாள் கழித்து, இது வேண்டாம் என்றான். தமிழ் எல்லாரிடமும் கிடைக்கும், நீயும் உன் அண்ணனும் பேசுவதைச் சொல் என்று கேட்டான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதுவரை எங்கள் பேச்சைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். இவன் வேண்டுமென்று கேட்டான்.

சொல்லிக்கொடுத்தேன்.

ஒருநாள் விறகோடு வந்தவன் காலில் அட்டை. மழைக்காலத்தில் அங்கே அட்டை இல்லாத கால் கிடையாது. சுண்ணாம்பு தடவி எடுத்துப் போட்டேன். தமிழில் அட்டை. மலையாளத்திலும் அட்டைதான். எங்கள் பேச்சில் வேறு பேர். அதைச் சொன்னேன். அவன் வாயில் அது நுழையவில்லை. இரண்டு நாள் தப்பாகவே சொன்னான், மூன்றாம் நாள் சரியாகச் சொன்னான். அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. ஒருதரம் வெளியே கொடுத்தது போதும்.

அடுத்த ஆடிக்குள் எனக்கு மலையாளம் வந்துவிட்டது. அவனுக்கு எங்கள் பேச்சு வந்துவிட்டது. பேச வெட்கப்படுவான். கேட்டால் எல்லாம் புரியும். இது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். வீட்டில் நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்லிக்கொடுத்தாய் என்று மதினி கேட்பாள்.

அந்த ஆடியில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. மலைக்காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தூக்கிப்போட்டது. யுத்தத்தில், அந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை மேலே வரவில்லை. கம்பத்தில் ஒரு டாக்டரிடம் இருக்கிறது என்று கேள்வி. கொண்டுபோய்ச் சேர்த்தால் பிழைப்பான். சேர்க்க விட வேண்டுமே. நாங்கள் வருவதற்கு முந்தின வருஷம் ஒரு காய்ச்சல்காரனைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் இறங்கினார்களாம், ஒருத்தரும் திரும்பவில்லையாம். அதனால் பறிப்பு முடியும்வரை யாரும் இறங்கக் கூடாது என்பது சூப்பர்வைசர் உத்தரவு. அவர் போடிப் பக்கத்துத் தமிழர். நல்லது கெட்டது தெரிந்தவர்தான். ஆனால் காய் பழுத்துக்கொண்டிருந்தது.

அவருக்குச் சனீஸ்வரன் என்றால் பயம். அது எல்லாருக்கும் தெரியும். எங்களில் மூத்த பங்காளி ஒரு வழி சொன்னார். ஆடிச் சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு வருவதாக நேர்ந்திருக்கிறோம் என்று கேட்போம், சாமிக்கு மாட்டேன் என்று சொல்ல மாட்டார், அண்ணனையும் தூக்கிக்கொண்டு எல்லாருமாக இறங்கிவிடுவோம், திரும்ப வேண்டாம். இதை ஸ்டோர் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது பேசினார்கள். சூப்பர்வைசர் நாலடி தள்ளித்தான் நின்றார். யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. மதினி எந்தப் பாதை, யார் முன்னால் தூக்குவது என்பதுவரை கேட்டாள்.

உள்ளே அவன் காயைக் கிளறிக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன். அவன் கை நின்றது. பிறகு ஓடியது. அவனுக்குப் புரிந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணனுக்கு மூன்று நாளாக வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். நம்ம ஆள் என்று இருந்தேன்.

மறுநாள் காலை பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் போய் நின்று லீவு கேட்டோம். அண்ணன் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டில் படுத்திருந்தான். சூப்பர்வைசர் பின்னால் என் கூட்டாளி நின்றான். ஸ்டோர் சாவி அவன் கையில் இருந்தது. அதற்கு முன் சாவி அவனிடம் இருந்ததில்லை.

சூப்பர்வைசர் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சாமிக்கு லீவு குடுக்கலாம். திரும்பி வராம இருக்கிறதுக்கு எப்படிய்யா லீவு குடுக்க?" என்றார். "எந்தப் பாதை, யாரு முன்னால தூக்குறதுன்னு எல்லாம் பேசி முடிச்சிட்டீகளாமே."

மூத்த பங்காளி ஒவ்வொருத்தராகப் பார்த்தார். நம்மில் யார் போய்ச் சொன்னது என்று அவர் தேடியது தெரிந்தது. மதினி தேடவில்லை. அவள் சூப்பர்வைசருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்படித் தட்டியதோ தெரியாது. எங்கள் பேச்சில், காற்று மழையைப் பற்றிச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள். உன் கழுத்தில் அட்டை இருக்கிறது என்றாள்.

அவன் கை சட்டென்று கழுத்துக்குப் போனது.

தடவிப் பார்த்தான். அட்டை இல்லை. பிறகுதான் அவனுக்கு விளங்கியது. கையை இறக்கத் தெரியாமல் கழுத்திலேயே வைத்துக்கொண்டு நின்றான். பதினோரு பேரும் பார்த்தோம். சூப்பர்வைசருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவனோடு நாள் முழுக்க இருந்தவன் நான் ஒருத்தன்தான்.

அன்றே, மழைக்கும் குளிருக்கும் நாங்கள் போர்த்துகிற கம்பளிகளை வாங்கி ஸ்டோரில் வைத்துப் பூட்டினார்கள். காலையில் வேலைக்குக் கொடுப்பது, சாயங்காலம் வாங்கிக்கொள்வது என்று ஆனது. ஆடி மழையில் கம்பளி இல்லாமல் அந்தப் பாதையில் யாரும் இறங்க முடியாது. அண்ணன் போர்த்தியிருந்ததை மட்டும் விட்டார்கள்.

மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால், வாசலில் ஒரு கம்பளி மடித்து வைத்திருந்தது. அவனுடையது. ஓரத்தில் தீப்பட்ட ஓட்டை எனக்குத் தெரியும். அண்ணனுக்கு ஒன்று, தூக்குகிறவனுக்கு ஒன்று. அண்ணன் அப்போது ஒரு பிடி எலும்பு. நான் ஒருத்தனே முதுகில் சுமந்து இறங்கியிருக்கலாம். குனிந்தேன். மதினி அதைக் காலால் மழைக்குள் தள்ளிவிட்டாள். நான் எடுத்திருக்கலாம். அவள் தடுத்தாலும் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அது அங்கேயே கிடந்து ஊறியது.

அண்ணன் மூன்றாம் நாள் செத்துப்போனான்.

தோட்டத்து ஓரத்தில் புதைத்தோம். மண் தள்ளியது நான். எல்லாரும் லயத்துக்குப் போன பிறகும் மதினி நின்றாள்.

"மம்பட்டியக் கழுவி வச்சிருங்க" என்றாள்.

தமிழில் சொன்னாள். நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் தமிழ்க்காரர் யாரோ நிற்கிறார் என்று நினைத்தேன். யாரும் இல்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் எங்கள் பேச்சில்தான் பேசுவாள். நீ, வா, போ என்பாள். அதட்டுவாள். அன்றிலிருந்து தமிழ். வாங்க, உக்காருங்க. தெருவுக்கு வருகிற தாசில்தார் ஆபீஸ் ஆளிடம் பேசுகிற மரியாதை. ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. காட்டிக்கொடுத்தவன் என்று சொன்னதுமில்லை.

தை மாதம் பறிப்பு முடிந்து கீழே வந்தோம். பங்காளிகள் கொஞ்ச நாளில் என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நடந்தது நடந்தது என்றார்கள். மதினியும் அண்ணன் மகளும் என் பொறுப்பு. ஒரே வீடு. ஒரே அடுப்பு. பிள்ளைக்கு ஆறு வயது ஆனபோது, சித்தப்பாவிடம் மட்டும் ஏன் தமிழ் என்று தாயிடம் கேட்டது. எங்கள் பேச்சில்தான் கேட்டது. நான் பக்கத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். மதினி தமிழில் பதில் சொன்னாள், எனக்குக் கேட்கட்டும் என்று.

"வெளியாளு இருக்காகல்ல."

மாடு தண்ணீரைக் குடித்து முடித்தது. நான் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அவனை ஒரே ஒருதரம் பார்த்தேன். யுத்தம் முடிந்த வருஷம், கம்பம் சந்தையில். சட்டை போட்டு, குடை வைத்திருந்தான். என்னைக் கண்டதும் வந்து கையைப் பிடித்தான். எங்கள் பேச்சில் பேசினான். முன்னைவிட நன்றாகவே பேசினான், யாரிடம் பழகினானோ. நாங்கள் இறங்கப் போகிறோமா என்று சூப்பர்வைசர் தன்னிடம் நேராகக் கேட்டார் என்றான். நாங்கள் எல்லாரும் இறங்கிவிட்டால் ஸ்டோர் அடுப்பை அணைத்துத் தன்னையும் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தானாம். அண்ணன் சாவான் என்று நினைக்கவில்லையாம். அழுதான் என்றும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு சொல் விடாமல் புரிந்தது. நான் கொடுத்த சொல்தானே.

"எனிக்கு மனசிலாயில்லா" என்றேன்.

எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்த மலையாளம். கையை விட்டுவிட்டான். அதற்குப் பிறகு மலையாளம் நான் பேசவில்லை. மறக்கவும் இல்லை.

பிள்ளையைக் கட்டிக்கொடுத்தாயிற்று. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மதினிக்கும் எனக்கும் வயசாகிவிட்டது. போன ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல். மழை ஓயாமல் பெய்தது. மத்தியானம் கஞ்சி வைத்துக்கொண்டு போனேன். கண்ணை மூடியபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சில். கம்பளி எங்கே என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியாது.

இங்கே இருக்கிறது என்றேன். எங்கள் பேச்சில் சொன்னேன். அந்த வீட்டில் அவளிடம் நான் அதைப் பேசி எத்தனையோ வருஷம். போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிவிட்டேன்.

கண்ணைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். யார் என்று தெரிந்துகொண்டாள்.

"சாரல் அடிக்குது. சன்னலச் சாத்துங்க" என்றாள்.

சாத்தினேன்.